தினமும் கட்ட ஒரே வாட்ச், அஞ்சு லட்சத்துக்குள்: வேர்வை, தேரி மணல், குத்தாலம் எல்லாத்தையும் தாங்கணும்

கொக்கிரகுளம்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரே ஒரு வாட்ச் போதும். காலையில கட்டினா ராத்திரிதான் கழட்டணும், பதினஞ்சு இருபது வருசம் ஓடணும். அஞ்சு லட்சத்துக்கு மேல போறதா இல்ல. பாளையங்கோட்டையில ஆபீஸ், போக வர பைக். ஞாயித்துக்கிழமை திசையன்விளைப் பக்கம் தோட்டம். ஆத்துக் குளியல் உண்டு, சாரல் மாசத்துல குத்தாலம், வருசத்துக்கு ரெண்டு தடவை திருச்செந்தூர். மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. ரேடோ, லாஞ்சின்ஸ், ஒமேகா, டியூடர், கிராண்ட் செய்க்கோன்னு பேரெல்லாம் தெரியும். எதை வச்சு ஒண்ண ஒதுக்கி ஒண்ண எடுக்கணும்னுதான் பிடிபடல. துபாய்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அங்க வாங்குறதா இங்க வாங்குறதான்னும் சொல்லுங்க.

முள்ளும் டயலும்

தம்பி, பேரை இப்போதைக்கு ஒரு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன புழக்கத்தில் வாட்சைக் கெடுப்பது எது என்று வரிசை போட்டால் முதலில் வேர்வை, அடுத்து மணல், மூன்றாவது செல்போன் கவரில் இருக்கும் காந்தம். தண்ணீர் நான்காவதுதான். ஆனால் எல்லாரும் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். 50 மீட்டர் எப்போதாவது ஒரு ஆற்றுக் குளியலுக்கு. 100 மீட்டரும் திருகிப் பூட்டும் சாவியும் (பக்கவாட்டில் நேரம் வைக்கும் குமிழ்) சேர்ந்து இருந்தால் ஆறு, அருவி, கடல் மூன்றுக்கும் போதும். 200, 300 மீட்டர் எல்லாம் முக்குளிப்பவர்களுக்கு. இருப்பதால் கெடுதல் இல்லை, தடிமனும் எடையும் கூடும். சாதாரண வாட்சுக்கான தரம் ஐஎஸ்ஓ 22810. முக்குளிப்பு வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425. அதில் ஒவ்வொரு வாட்சையும் போட்டிருக்கும் எண்ணைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள்.

"மெயினருவி அடிக்கிற அடியை 100 மீட்டர் வாட்ச் தாங்காது" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. 30 மீட்டர் உயரத்திலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் விழுகிற தண்ணீர் நேராக மோதினாலும், அந்த அழுத்தம் 30 மீட்டர் ஆழத்து அழுத்தத்தைத் தாண்டாது. மெயினருவியோ நடுவழியில் இருக்கும் பொங்குமாகடல் பள்ளத்தில் ஒருமுறை விழுந்து வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. வாட்சுக்குள் தண்ணீர் போவதற்குக் காரணம் வேறு மூன்று: சாவியைச் சரியாகத் திருகாமல் இறங்குவது, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான வாஷர் காய்ந்து இறுகிப் போயிருப்பது, சூடான வாட்சோடு குளிர்ந்த தண்ணீரில் பாய்வது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. மே மாத வெயிலில் பைக் ஓட்டி வந்த கையில் வாட்ச் 45 டிகிரி இருக்கும். 25 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் 6 சதவீதம் போல இறங்கிவிடும். வாஷர் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இறுகிப் போன வாஷர் என்றால் அந்த உறிஞ்சலே ஒரு துளியை உள்ளே இழுக்கும். படித்துறையில் பத்து நிமிடம் நிழலில் நின்று இறங்குங்கள்.

தேரிக்காட்டான்

திசையன்விளைத் தோட்டம்னு சொன்னியளே, அதான் இங்க முக்கியம். நம்ம தேரி, அதாவது செம்மணல் மேட்டு மணலும் உவரிக் கடற்கரை மணலும் சாதாரண மணல் கிடையாது. குவார்ட்ஸோட கார்னெட்டும் கலந்து கெடக்கும். கடினத்தன்மையை மோஸ் அளவுல சொன்னா குவார்ட்ஸ் 7, கார்னெட் ஆறரையில இருந்து ஏழரை. வாட்ச் எஃகு, சாதாரண மினரல் கண்ணாடி ரெண்டுமே அதுக்குக் கீழதான். சஃபயர் கண்ணாடி 9. அதனால சஃபயர் இல்லாத வாட்சை இந்தப் பக்கம் எடுக்கவே எடுக்காதீங்க. ரெண்டு சித்திரை போச்சுன்னா கண்ணாடி மங்கிரும்.

அதுலயும் ஒண்ணு கவனிங்க. கண்ணாடியில வெளிச்சம் எதிரொலிக்காம இருக்க பூச்சு போடுவாங்க. சில வாட்சுல உள்பக்கம் மட்டும் இருக்கும், சிலதுல ரெண்டு பக்கமும். வெளிப்பக்கப் பூச்சு சஃபயர் அளவுக்குக் கடினம் கிடையாது, அதுல மணல் கீறல் போடும். கண்ணாடியே கீறிட்டுன்னு பதறுவாங்க, கீறுனது பூச்சுதான். மண்ணுல பொழங்குற ஆளுக்கு உள்பூச்சு மட்டும் உள்ளதே நல்லது.

கண்ணாடியை விட பெரிய சேதம் செயின்லதான். கண்ணிக்கு கண்ணி நடுவுல மணல் இறங்கும். குத்தாலத்துல எண்ணெய் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போவோம்லா, அந்த எண்ணெயும் மணலும் சேந்தா அரைப்புப் பசை மாதிரிதான். கையை ஆட்ட ஆட்ட ஊசியையும் கண்ணி ஓட்டையையும் அரைச்சுக்கிட்டே இருக்கும். பத்து வருசத்துல செயினைப் படுக்கை வாட்டத்துல புடிச்சா தொங்கும். அதுக்குப் பேரு செயின் இழுத்துருச்சும்பாங்க, இழுக்கல, தேய்ஞ்சுருக்கு. வாரத்துல ஒரு நாள் கழுவினா அது வராது.

கழுவுற விதம்: மொதல்ல சாவி இறுக்கமா பூட்டியிருக்கான்னு பாருங்க. குழாய்த் தண்ணி, சுடுதண்ணி கூடாது. பழைய மெத்து டூத்பிரஷ்ல ஒரு சொட்டு ஷாம்பு. செயினை வில்லு மாதிரி வளைச்சு, கண்ணி விரியுற பக்கத்துல தேய்ங்க, அப்பத்தான் உள்ள இருக்குற அழுக்கு வரும். லாக்கைத் திறந்து உள்பக்கம், பின்மூடி ஓரம், செயின் வாட்ச் உடம்போட சேருற மூலை, இவ்வளவும் ரெண்டு நிமிசம். அலசி, பருத்தித் துண்டுல ஒத்தி எடுத்து நிழல்ல வைங்க. சீயக்காய், சந்தனம், திருநீறு எல்லாம் அந்த மூலையிலதான் போய் அடையும்.

திருச்செந்தூர்ல கடல்ல முங்கிட்டு நாழிக்கிணத்துக்குப் போவீங்கள்லா, அந்தத் தண்ணியை வாட்சுக்கும் நல்லா விடுங்க. உப்பு காயுறதுக்கு முன்னாடி போயிரணும்.

மேலப்பாளையம்72

கீறல்தான் பிரச்சினைன்னா பேச்சே இல்ல, ரேடோ. வளைகுடா போய் வந்த வீட்டுல எல்லாம் இருபது முப்பது வருசமா டயாஸ்டார் கெடக்கு, கண்ணாடியும் உடம்பும் இன்னைக்கும் பளபளன்னு இருக்கு. செராமிக் மாடல் எடுத்தா எடையும் கம்மி, வேர்வையும் ஒண்ணும் செய்யாது.

முள்ளும் டயலும்

அண்ணாச்சி சொல்வதில் பாதி முழு உண்மை. டயாஸ்டார் 1962-ல் வந்தது. அதன் உடம்பு எஃகு இல்லை, டங்ஸ்டன் கார்பைடு சேர்ந்த கடின உலோகம். அதனால்தான் கீறல் விழுவதில்லை. இப்போதைய செராமிக், கடினத்தன்மையைச் சொல்லும் விக்கர்ஸ் அளவில் 1,200-ஐ ஒட்டி வரும். வாட்சுகளில் வழக்கமாகப் போடும் 316எல் எஃகு 200-க்குள்.

மீதிப் பாதி இது. கடினமாக இருப்பதும் உடையாமல் இருப்பதும் ஒன்றல்ல. எஃகு அடிபட்டால் நசுங்கும், செராமிக் அடிபட்டால் சில்லுத் தெறிக்கும் அல்லது இரண்டாகும். நம் வீடுகளில் தரை கிரானைட், டைல்ஸ். படித்துறையோ கருங்கல். கழற்றும்போது கை நழுவி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் எஃகு வாட்சில் ஒரு வடு விழும், செராமிக்கில் உடம்பையே மாற்ற வேண்டி வரலாம், அதுவும் பழைய மாடலுக்கு உதிரி கிடைத்தால். ஆபீஸ், வீடு என்று இருப்பவருக்கு செராமிக் அருமையான தேர்வு. பைக், தோட்டம், அருவிக் கம்பியைப் பிடித்து நிற்கிற கூட்டம் என்று இருப்பவருக்கு நான் எஃகைத்தான் சொல்வேன்.

மேலப்பாளையம்72

கல்லுல விழுந்தா அப்படித்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா எஃகு எடுத்தா கீறல் விழும்னு தெரிஞ்சே எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போடக் கொடுத்து ஓரத்தையெல்லாம் மழுக்கிருவாங்க.

முள்ளும் டயலும்

மிகச் சரி. பாலிஷ் என்றால் உலோகத்தைச் சீவி எடுப்பதுதான். கூர்மையான ஓரம் ஒருமுறை போனால் திரும்பாது. பெரிய சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் "பாலிஷ் வேண்டாம்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பொதிகைச் சாரல்

எஃகுன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிட்டீங்க அண்ணா, வேர்வையைச் சொல்லலையே. வேர்வையில இருக்குற உப்புல குளோரைடு இருக்கு. எஃகு துருப்பிடிக்காதுன்னு சொல்றது, மேல இருக்குற மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் காப்பாத்துற வரைக்கும்தான். காத்துப் படாத இடுக்குல உப்பு தேங்கி நின்னா அந்தப் படலம் ஓட்டையாகி ஊசி குத்தின மாதிரி குழி விழும். வெளியே தெரியுற இடத்துல விழாது. பின்மூடி வாஷர் உக்கார்ற பள்ளத்துல, மூடியோட மரையில, செயின் சேருற மூலையில விழும். வாஷர் பள்ளத்துல குழி விழுந்தா புது வாஷர் போட்டாலும் தண்ணி நிக்காது.

316எல் எஃகுல மாலிப்டினம் 2-3 சதவீதம். ரோலெக்ஸ் போடுற 904எல்ல 4-5 சதவீதம், குளோரைடை இன்னும் நல்லா எதிர்க்கும். ஆனா 316எல் போதாதுன்னு இல்ல. தேரிக்காட்டான் அண்ணன் சொன்ன மாதிரி கழுவினா ஆயுசுக்கும் போதும்.

நிக்கல் ஒத்துக்காம மணிக்கட்டுல தடிப்பு வர்றவங்களுக்கு டைட்டானியம். எஃகுல பாதி எடைக்குக் கொஞ்சம் மேல இருக்கும், வேர்வையால ஒண்ணும் ஆகாது. ஆனா மேல்பூச்சோ கடினமாக்குற வேலையோ செய்யாத டைட்டானியம் எஃகை விட சீக்கிரம் கீறும். அதைக் கேட்டுட்டு வாங்குங்க.

பெண்களுக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். எஃகுச் செயின் வாட்சும் தங்க வளையலும் ஒரே கையில வேண்டாம். 22 காரட் தங்கம் எஃகை விட மென்மை. வாட்சுல கீறல் விழும்னு நினைச்சுப் பயப்படுவோம், ஆனா தேயுறது வளையல். வருசக்கணக்குல எடை குறையும்.

சிந்துபூந்துறை

லெதர் ஸ்ட்ராப்பைப் பத்தி யாரும் சொல்லல. நம்ம வெயிலுக்கு வருசத்துல ஒண்ணு வேணும். வேர்வை ஊறி உள்பக்கம் நாறும், தையல் விடும், எண்ணெய் பட்டா கறுத்துரும். செயின்ல வாங்கிட்டு, வேணும்னா ஒரு ரப்பர் வார் தனியா வச்சுக்கிடுங்க. ரப்பர்ல எஃப்கேஎம் வகை எண்ணெய், வேர்வை ரெண்டையும் தாங்கும். கொசு மருந்து தடவுன கையோட வாட்சைத் தொடாதீங்க, டீட் சேந்த மருந்து பிளாஸ்டிக்கையும் சில ரப்பரையும் இளக்கிரும்.

அப்புறம் ஸ்பிரிங் பின். அஞ்சு லட்சத்து வாட்சைக் கையில புடிச்சிருக்கிறது ரெண்டு மெல்லிசுப் பின்னுதான். உப்பு ஏறி உள்ள இருக்குற ஸ்பிரிங் இறுகிட்டா முனை முழுசா வெளிய வராது, பாதி புடிச்சபடி நிக்கும். பைக்குல போகும்போது சட்டைக் கை மாட்டி இழுத்தா போச்சு. சோதிக்க, செயினை ஒரு கையால புடிச்சு வாட்சை மெதுவா மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க, ஆட்டம் தெரியக்கூடாது. வருசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பின்னையும் மாத்துறது நல்லது. கம்பெனிப் பின்னே போடுங்க, நீளம் சரியா இருந்தாலும் தடிமன் மாறினா லக் (வாட்ச் உடம்புல வாரைப் புடிக்கிற கொம்பு) ஓட்டையில ஆடும்.

கொக்கிரகுளம்

இவ்வளவு விசயம் இருக்கும்னு நெனைக்கல. ஆட்டோமேட்டிக்கா, செல் போடுறதா? பைக் அதிர்ச்சிக்கு ஆட்டோமேட்டிக் தாங்காதுன்னு கடையில சொன்னாங்க.

முள்ளும் டயலும்

பைக் ஓட்டுவதால் நல்ல ஆட்டோமேட்டிக் கெடாது. சமநிலைச் சக்கரத்தின் அச்சுக்கு அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் எல்லா நல்ல மெஷினிலும் உண்டு. கெடுப்பது சுத்தியல் வேலை, கல் அறுக்கும் கிரைண்டர், கம்பரசர் துரப்பணம். அவற்றைக் கையில் எடுக்கும் நாளில் கழற்றி வையுங்கள்.

செல்லா, ஆட்டோமேட்டிக்கா என்பதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நேரம் சரியாக இருப்பதும் தொல்லை இல்லாததும் மட்டுமே வேண்டும் என்றால் கிராண்ட் செய்க்கோ 9எஃப் குவார்ட்ஸுக்கு நிகராக இந்த விலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 1993-ல் வந்த மெஷின். வருடத்துக்கே கூடிப்போனால் பத்து விநாடி முன்பின். செல் மூன்று வருடம் வரும். செல் மாற்றத் திறக்கும்போது தூசி மெஷினுக்குள் போகாதபடி தனி மூடி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்தச் சாக்கில் வாஷர் மாற்றி அழுத்தச் சோதனையும் நடந்துவிடும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் "ஓடுகிறதே" என்று ஏழெட்டு வருடம் வாஷரைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அந்த செல்லைத் தெருமுனைக் கடையில் மாற்றக்கூடாது. மூடியைத் திறந்து செல்லைப் போட்டுப் பழைய வாஷரையே மேலே வைத்து அமுக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஓடும், தண்ணீர் நிற்காது.

ஆட்டோமேட்டிக் என்றால் மூன்று எண்களைப் பாருங்கள். ஒன்று, துல்லியம்: காஸ்க் (சுவிட்சர்லாந்தின் துல்லியச் சோதனை அமைப்பு) சான்று பெற்ற மெஷின் நாளுக்கு –4 முதல் +6 விநாடிக்குள், ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் சான்று 0 முதல் +5. இரண்டு, ஓட்டம்: 70 மணி நேரம் இருந்தால் வெள்ளி இரவு கழற்றி வைத்தது திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். மூன்று, காந்தம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வண்ணாரப்பேட்டை வாசி

காந்தத்தை நான் சொல்லுதேன். திடீர்னு ஒரு நாள் வாட்ச் நாளுக்கு ரெண்டு மூணு நிமிசம் வேகமா ஓட ஆரம்பிச்சா நூத்துக்குத் தொண்ணூறு அது காந்தம்தான், ரிப்பேர் இல்ல. வேகத்தைக் கட்டுப்படுத்துற மெல்லிசு ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங்கோட சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகும், அதான் வேகம். செல்போனோட மூடி கவர், காந்தத்துல ஒட்டுற சார்ஜர், இயர்போன் டப்பா, ஸ்பீக்கர், கைப்பை பூட்டு, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாத்தையும் தள்ளி வைங்க. ராத்திரி வாட்சையும் போனையும் ஒரே இடத்துல போட்டு வைக்கிறதுதான் பெரும்பாலும் வினை.

சோதிக்க: போன்ல திசைகாட்டி ஆப்பைத் திறந்து வாட்சைப் பக்கத்துல கொண்டு போங்க, ஊசி நல்லா திரும்பினா காந்தம் ஏறியிருக்கு. எடுக்குறதுக்கு சில நூறு ரூபாய்ல நீல டப்பா கருவி ஒண்ணு வருது. வாட்சை டப்பா மேல வச்சு பட்டனை அமுக்குங்க. அமுக்கின விரலை எடுக்காமலே வாட்சை மெதுவா, மூணு நாலு விநாடியில, ஒரு முழம் தூரத்துக்கு மேல தூக்குங்க. அதுக்கப்புறம்தான் பட்டனை விடணும். வாட்ச் டப்பா மேல இருக்கும்போதே விட்டுட்டா காந்தம் இன்னும் கூடிரும், எல்லாரும் சறுக்குற இடம் அது. ரெண்டு தடவை செஞ்சா போதும். செல் வாட்சுக்கு இது வேண்டாம்.

சாதாரண வாட்சுக்கு ஐஎஸ்ஓ 764 தரப்படி மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது 60 காஸ் தாங்கினா போதும். ஒமேகா மாஸ்டர் குரோனோமீட்டர் 15,000 காஸ் தாங்கும். சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் போட்ட லாஞ்சின்ஸ், டியூடர் மெஷின்ல ஸ்பிரிங்கே காந்தம் ஏறாத பொருள், அந்தக் கவலை பெரும்பாலும் போயிரும்.

பொதிகைச் சாரல்

அளவு. 16.5 செ.மீ. மணிக்கட்டுக்கு டயல் விட்டத்தை மட்டும் பார்க்காதீங்க. மேல் லக் முனையில இருந்து கீழ் லக் முனை வரைக்கும் எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சு அளங்க. மணிக்கட்டோட மேல்தட்டுக்கு வெளியே அது நீட்டக்கூடாது. உங்களுக்கு 48 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லா உக்காரும். தடிமன் 12-ஐச் சுத்தி இருக்கட்டும், அதுக்கு மேல போனா முழுக்கைச் சட்டையோட பட்டனுக்குள்ள நுழையாது, கதவு நிலையிலயும் இடிக்கும்.

அடுத்து லாக். காலையில கட்டுறப்ப சரியா இருக்குற செயின் மத்தியானம் ரெண்டு மணிக்கு இறுக்கும், நம்ம ஊர் வெயில்ல மணிக்கட்டு வீங்கிச் சுருங்குறது அவ்வளவு இருக்கு. கருவி இல்லாம லாக்குலயே நாலஞ்சு மில்லிமீட்டர் தளர்த்துற வசதி இருக்கணும். டியூடர் டி-ஃபிட் லாக்ல அஞ்சு படி, மொத்தம் 8 மில்லிமீட்டர். இந்த வசதி இல்லாத செயினைக் கட்டினா எப்பவும் ஒரு கண்ணி கூட, இல்ல ஒரு கண்ணி குறைவு. தினமும் கட்டுற வாட்சுல இதை நான் மெஷினை விட மேல வைப்பேன்.

பேட்டை ரோடு

எல்லாம் சரிதான். ஆனா அஞ்சு லட்சம் ஏன்? ஓசூர்ல செய்யுற டைட்டன் எட்ஜ் மெல்லிசு, அழகு, விலையில பத்துல ஒரு பங்கு கூட வராது.

முள்ளும் டயலும்

டைட்டன் எட்ஜ் நம் நாட்டுப் பொறியியலில் மதிக்க வேண்டிய வேலை. 2002-ல் வந்தபோது மொத்த வாட்சின் தடிமனே 3.5 மில்லிமீட்டர். சட்டைக்கு அடியில் கட்ட அதைவிட நல்லதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு மெல்லிய உடம்பில் திருகு சாவிக்கு இடம் கிடையாது. ஆற்றுக்கும் தேரிக்கும் அது ஆகாது. தம்பி கேட்டது அருவிக்கும் கழற்றாத வாட்ச்.

வண்ணாரப்பேட்டை வாசி

துபாயா இங்கயாங்கிறதுக்கு. வாரண்டி அட்டையில கடை முத்திரை, வாங்கின தேதி, வாட்சோட சீரியல் எண் மூணும் இருந்தா நல்ல சுவிஸ் கம்பெனி எல்லாம் உலகம் பூரா வாரண்டி பாக்கும். சீரியல் எண்ணை வாட்ச் உடம்புல இருக்குறதோட ஒத்துப் பாருங்க. கொண்டு வர்றவங்க விமான நிலையத்துல சுங்கத்துல சொல்லி வரி கட்டி ரசீது வாங்கணும். கையில கட்டிட்டு வந்தா கேக்க மாட்டாங்கன்னு சொல்லுறதை நம்பாதீங்க. பிடிச்சா வரியோட அபராதமும் சேரும், நாளைக்கு விக்கணும்னாலும் இன்ஷூரன்ஸ்னாலும் ரசீது வேணும். வரியையும் சேத்தா இங்க கடையில தள்ளுபடி கேட்டு வாங்குறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் நிக்காது.

இங்க வாங்கினா ரெண்டு லட்சத்துக்கு மேல பான் எண் கேப்பாங்க, அவ்வளவு தொகையை ரொக்கமா வாங்க மாட்டாங்க, சட்டப்படி கூடாது. 2025 ஏப்ரல் 22-ல இருந்து பத்து லட்சத்துக்கு மேல உள்ள வாட்சுக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கிறப்பவே வசூலிக்குற வரி, பிடிக்காங்க, உங்க விலைக்கு அது வராது. சுவிட்சர்லாந்து சேந்த நாலு நாட்டு ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல நடைமுறைக்கு வந்துட்டு, சுவிஸ் வாட்சுக்கு இறக்குமதி வரி வருசா வருசம் படிப்படியா குறையும். அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், கம்பெனி விலையும் வருசா வருசம் ஏறுது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி: "சர்வீஸுக்குக் கொடுத்தா எந்த ஊருக்குப் போகும், எத்தனை வாரம், வாஷர் மாத்தி அழுத்தச் சோதனை மட்டும் செய்ய எவ்வளவு?" பதிலை எழுத்துல வாங்குங்க. பதில் சொல்லத் தடுமாறுற கடையில வாங்காதீங்க.

கொக்கிரகுளம்

அழுத்தச் சோதனை, அழுத்தச் சோதனைங்கீங்களே, அது வீட்டுல செஞ்சு பாக்க முடியுமா?

முள்ளும் டயலும்

அழுத்தச் சோதனையை வீட்டில் செய்ய முடியாது. கடையில் வாட்சைத் தண்ணீர் இல்லாமலே ஒரு கூட்டுக்குள் வைத்துக் காற்றை ஏற்றியும் இறக்கியும், உடம்பு எவ்வளவு நெளிகிறது என்று மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். காற்று கசிந்தால் நெளிவு பழைய நிலைக்கு வந்துவிடும், அதை வைத்துச் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு ஒருமுறை, சாரல் தொடங்கும் முன், மே மாதக் கடைசியில் செய்துவிடுங்கள்.

உள்ளே ஏற்கெனவே ஈரம் போயிருக்கிறதா என்பதை மட்டும் வீட்டில் பார்க்கலாம். தரத்தில் சொல்லியிருக்கும் முறைதான்: வாட்சை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். கையில் தாங்கும் சூட்டில் உள்ள தண்ணீரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மேலே தட்டை மூடி, அந்தத் தட்டில் வாட்சை முகம் மேலாக இருபது நிமிடம் வையுங்கள். வாட்ச் தண்ணீரில் படக்கூடாது. பிறகு கண்ணாடி நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்துக்கு நேர் உள்பக்கம் வட்டமாகப் பனி படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அன்றே கடைக்குப் போக வேண்டும். அரிசி டப்பாவில் போட்டு வைப்பது, வெயிலில் காய வைப்பது எதுவும் உதவாது. ஈரம் முள்ளின் அச்சிலும் திருகுகளிலும் துருவாக உட்கார்ந்துவிடும்.

தேரிக்காட்டான்

திருகு சாவியைப் பூட்டுறதையும் சொல்லிருங்க அண்ணாச்சி. மரையைக் கெடுக்குறது அங்கதான்.

முள்ளும் டயலும்

சாவியை லேசாக அமுக்கியபடி முதலில் எதிர்ப்பக்கம், அதாவது திறக்கிற பக்கம், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் "டக்" என்று சின்னதாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அதுதான் மரை தொடங்கும் வாய். அங்கிருந்து பூட்டுகிற பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். போகாமல் முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, திருப்பி எடுத்து மறுபடி தொடங்குங்கள். கடைசியில் விரல் இறுக்கம் போதும். பல்லைக் கடித்து இறுக்கினால் வாஷர் நசுங்கும்.

தேதி உள்ள மாடல் என்றால் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். முள்ளை 6 மணிக்குக் கொண்டு வந்துவிட்டு மாற்றினால் எந்த மெஷினிலும் பல் உடையாது.

கொக்கிரகுளம்

இப்ப மூணுல நிக்குதேன். லாஞ்சின்ஸ் ஸ்பிரிட் 37 மி.மீ., டியூடர் ரேஞ்சர் 39 மி.மீ., ஒமேகா அக்வா டெர்ரா 38 மி.மீ. எதைத் தள்ளுறது?

முள்ளும் டயலும்

மூன்றிலும் சஃபயர் கண்ணாடி, திருகு சாவி உண்டு. ஸ்பிரிட்: 100 மீட்டர், 72 மணி நேரம், காஸ்க் சான்று, சிலிக்கான் ஸ்பிரிங். கண்ணாடியின் வெளியேயும் பூச்சு இருக்கிறது, தேரிக்காட்டான் சொன்ன குறை அதற்குப் பொருந்தும். ரேஞ்சர்: 100 மீட்டர், 70 மணி நேரம், தேதி கிடையாது, டி-ஃபிட் லாக். அக்வா டெர்ரா: 150 மீட்டர், 55 மணி நேரம், காந்தத்துக்கு அறவே பயப்பட வேண்டாம். மூன்றுக்கும் ஐந்து வருட வாரண்டி.

அக்வா டெர்ராவின் விலை உங்கள் வரம்பைத் தாண்டினால் அதற்காக வரம்பை நீட்டாதீர்கள். மீதிப் பணம் இரண்டு பெரிய சர்வீஸுக்கு ஆகும். செயின் நடுக்கண்ணி பளபளப்பாக இல்லாமல் முழுக்க மங்கல் தீற்றல் உள்ளதாக இருந்தால் மண்ணில் புழங்குகிறவருக்கு நல்லது, அந்தக் கணக்கில் ரேஞ்சர் முன்னே நிற்கும். சர்வீஸ் கேள்விக்குக் கடையில் கிடைக்கும் பதில் சரியில்லை என்றால் ஸ்பிரிட்.

பொதிகைச் சாரல்

தேதி வேணுமா வேண்டாமான்னும் யோசிங்க. ஆபீஸ்ல நாள் பூரா கையெழுத்துப் போடுறவங்களுக்கு அது இல்லாம இருக்கிறது பெரிய குறை. ஸ்பிரிட் 37-ல தேதி இருக்கு.

கொக்கிரகுளம்

தேதி அவ்வளவா தேவையில்ல அக்கா, கீறல் தெரியாம இருக்குறதும் லாக்கும்தான் எனக்கு முக்கியமாப் படுது. ரேஞ்சருக்கு சர்வீஸ் எங்கன்னு எழுத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுதேன். பதில் சரியில்லன்னா ஸ்பிரிட். கடைசியா ஒண்ணு, கண்ணி குறைக்கிறதைக் கடையிலயே செஞ்சுக்கிடலாமா?

முள்ளும் டயலும்

கடையிலேயே செய்யுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். லாக் மணிக்கட்டின் அடிப்பக்கம் நடுவில் வர வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டும், ஒரே பக்கம் நாலு கண்ணி எடுத்தால் வாட்ச் ஒருபக்கம் சாயும். திருகு வைத்த கண்ணி என்றால் மரையில் பசை இருக்கும், லேசாகச் சூடு காட்டி இளக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் திருகின் தலை சிதையும். ஊசி வைத்தது என்றால் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், அது காட்டும் பக்கம்தான் தள்ளி எடுக்க வேண்டும். காலை நேரத்தில் அளவு எடுக்காதீர்கள், மத்தியானம் போங்கள். டி-ஃபிட் லாக்கை நடுப் படியில் வைத்து அளவெடுத்தால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

எடுத்த கண்ணிகளையும் அதன் திருகுகளையும் எண்ணி வாங்கி டப்பாவிலேயே போட்டு வையுங்கள். பின்னால் தனியாக ஒரு கண்ணி வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.